தெள்ளுப்பூச்சியும் அண்ணன் பணமும்

காலையில் கடற்கரைச் சாலையில் சேர்ந்து நடக்கிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். எங்கள் தலைமுறைக்கு அது இன்னும் 'கூர் ஷப்ரோல்'தான். ஐந்து பேரும் பென்ஷன்காரர்கள். பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கும். பேரப்பிள்ளைகள் வழியாகப் போய், காந்தி சிலையை அடையும்போது வங்கி வட்டியில் வந்து நிற்கும்.

போன மாதம் ஒரு நாள் பேச்சு வட்டியோடு நிற்கவில்லை. எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வைப்பு நிதியில் போட்டிருந்த பத்து லட்சம் முதிர்ந்து கைக்கு வந்திருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா, அதை அமெரிக்க சிப் கம்பெனிப் பங்குகளில் போடுகிற ஃபண்டில் போடுங்கள்" என்கிறானாம்.

"யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரியாகத்தான் படுகிறது சார். போனில் சிப், காரில் சிப், துணி துவைக்கிற மெஷினில் சிப். நாளுக்கு நாள் மலிவாகி எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது. அப்படியானால் அதைச் செய்கிறவனுக்குக் கொள்ளை லாபம்தானே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நடந்துகொண்டே அரைகுறையாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய காகிதத்தைத் தேடி எடுத்தேன். நான் 2000-ம் ஆண்டு ஜூன் மாதம் என் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் நகல். குமாஸ்தா புத்தி, சொந்த அண்ணனுக்கு எழுதினாலும் நகல் வைத்துக்கொள்வேன். வாத்தியார் சொன்ன அதே வாக்கியம், ஏறக்குறைய சொல்லுக்குச் சொல், அதில் இருந்தது.

அண்ணனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் 1942-ல் பிறந்தவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. நான் சிறுவன், அப்பாவோடு சேர்ந்து இந்தியனாக நின்றுவிட்டேன். அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். ஊர் வழக்கில் சொன்னால் 'சொல்தா' ஆனார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பாரீஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், ஒரு பள்ளிக்கூடத்தில் காவலர் வேலை பார்த்தார்.

நாங்கள் இருவரும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். பேசுவது தமிழ், சண்டை போடுவதும் தமிழ். கடிதம் என்று உட்கார்ந்தால் மட்டும் பேனா தானாகப் பிரெஞ்சுக்குப் போய்விடும். எங்கள் கடிதங்களில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே வராது, 'ஒர்தினத்தேர்'தான். 1955-ல் ஐ.பி.எம். கம்பெனிக்காக ழாக் பெரே என்ற பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. சிப்புக்குப் பிரெஞ்சில் 'ப்யூஸ்' என்று பெயர். ப்யூஸ் என்றால் தெள்ளுப்பூச்சி. அவ்வளவு சிறியது, கறுப்பாக இருக்கும் என்பதால் வைத்த பெயர் போலும். அண்ணனுக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பிரியம். "தம்பி, இந்தத் தெள்ளுப்பூச்சி உலகத்தையே கடிக்கப் போகிறது" என்று எழுதுவார்.

2000-ம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் கையில் 80,000 பிராங்க் சேர்ந்திருந்தது. யூரோ நோட்டு வராத காலம். அந்தப் பணம் எதற்கென்றால், ஊரில் எங்கள் வீட்டின்மேல் மாடி கட்டுவதற்கு. அப்பா வீட்டை 1995-ல் இடித்துக் கட்டியபோதே, அண்ணன் பங்குக்கு மேலே ஒரு மாடி எழுப்புவது என்று பேசி, தூண்களில் கம்பிகளை நீட்டியே விட்டிருந்தோம். அறுபது வயதில் வேலையை விட்டுவிட்டு, பிரெஞ்சுப் பென்ஷனோடு வந்து மாடியில் இருப்பது அவர் திட்டம்.

அவருடைய வங்கியில் யாரோ அமெரிக்க சிப் கம்பெனிப் பங்குகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "நீ ஆபீஸில் ஒர்தினத்தேர் வாங்குகிற பிரிவில் இருக்கிறாய். உனக்குத்தான் தெரியும். போடலாமா?" என்று கேட்டு எழுதினார்.

நான் மேல்நிலை எழுத்தர். கொள்முதல் கோப்புகள் என் மேசையில்தான். கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். காரணங்களை எண் போட்டு அடுக்கினேன். ஒன்று, ஒரு தட்டச்சுப் பொறி வாங்க ஒரு வருஷம் யோசிக்கிற எங்கள் அலுவலகமே பன்னிரண்டு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டது. இரண்டு, விலை வருஷா வருஷம் குறைகிறது, ஆகவே வீட்டுக்கு வீடு வரும். மூன்று, எந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கினாலும் உள்ளே இருக்கிற சில்லு இரண்டொரு கம்பெனியுடையதுதான். முடிவு: யோசிக்காமல் போடுங்கள்.

அண்ணன் எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கினார் என்பதை எழுதப் போவதில்லை. அது சில்லு செய்தது, விற்றது. குற்றம் அதன்மேல் இல்லை. குற்றம் என் இரண்டாவது காரணத்தில் இருந்தது. அதைத்தான் இன்று விளக்க நினைக்கிறேன். ஊரறிந்த உதாரணமாக இன்டெல்லை எடுத்துக்கொள்கிறேன்.

1997 வரை அமெரிக்காவில் நல்ல கம்ப்யூட்டர் என்றால் 2,000 டாலர் பக்கம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வேகம் கூடும். விலை மட்டும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். புதிய வேகம் வேண்டுமென்று ஜனங்களும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவார்கள். இன்டெல்லுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. 1997 மே மாதம் வந்த பென்டியம் 2-ல் உச்ச வேகமான 300 மெகாஹெர்ட்ஸ் சில்லின் மொத்த விற்பனை விலை 1,981 டாலர். சில்லு ஒன்றுக்குத்தான் இந்த விலை, கம்ப்யூட்டருக்கல்ல.

அதே வருஷம் பிப்ரவரியில் காம்பாக் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. பிரசாரியோ 2100 என்ற கம்ப்யூட்டரை, திரை சேர்க்காமல், 999 டாலருக்குக் கடைக்கு அனுப்பியது. உள்ளே இருந்தது இன்டெல் சில்லு அல்ல; சைரிக்ஸ் என்ற சிறிய கம்பெனியின் மீடியா ஜி.எக்ஸ். ஒலிக்கும் படத்துக்கும் தனித்தனி அட்டை தேவையில்லாதபடி அந்த வேலைகளையும் சில்லோடு சேர்த்துச் செய்திருந்தார்கள். வேகம் சுமார்தான். ஆனால் கடிதம் அடிக்கவும், கணக்குப் போடவும், இன்டர்நெட் பார்க்கவும் போதும். அதுவரை கம்ப்யூட்டரே வாங்காத குடும்பங்கள் வாங்கின. ஏ.எம்.டி. கம்பெனியும் கே6 என்ற சில்லோடு அதே வழியில் வந்தது. 1998-ன் முடிவில் இமெஷீன்ஸ் என்ற பெயரில் 500 டாலருக்கும் கீழே கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

இதனால் லாபத்துக்கு என்ன ஆகும்? நம் ஊர் ரொட்டிக் கடையை வைத்துச் சொல்கிறேன். அடுப்புக்குச் செலவு ஒன்றுதான். அதில் சாதா ரொட்டி சுட்டாலும், வெண்ணெயும் முட்டையும் போட்ட பிரியோஷ் சுட்டாலும் விறகு அதே விறகு, ஆள் அதே ஆள். கடைக்காரருக்கு லாபம் பிரியோஷில். இப்போது பக்கத்துத் தெருவில் ஒருவன் வந்து பாதி விலைக்கு ருசியான சாதா ரொட்டி போடுகிறான். கடைக்காரருக்கு இரண்டு வழி. சாதா ரொட்டியை அவனுக்கே விட்டுவிட்டுப் பிரியோஷை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது தானும் மலிவு ரொட்டி போடலாம். ஆனால் அது நன்றாக இருந்துவிட்டால், நேற்றுவரை பிரியோஷ் வாங்கியவரும் "இதுவே போதுமே" என்று அதற்கு மாறிவிடுவார். அன்றைக்கு விற்ற ரொட்டியின் எண்ணிக்கை கூடியிருக்கும். கல்லாவைத் திறந்தால் காசு குறைந்திருக்கும்.

சில்லுக்கு இது இன்னும் கடுமை. அங்கே ஒரு தொழிற்சாலை எழுப்ப அப்போதே நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. சில்லுக்கான மணலோ பெரிய விலையில்லை. பணமெல்லாம் கட்டடத்திலும் யந்திரத்திலும் ஆராய்ச்சியிலும் முன்னாலேயே போய்விடுகிறது. ஆகவே ஒரு சில்லை 155 டாலருக்கு விற்றாலும் 1,981 டாலருக்கு விற்றாலும் செய்கிற செலவில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முழுவதும் லாபத்தில்தான். வாங்குகிறவர் மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கினால் கம்பெனியின் லாபமும் கூடவே இறங்கும்.

இன்டெல் முதலில் கொஞ்சம் தயங்கிவிட்டு, 1998 ஏப்ரலில் செலரான் என்ற மலிவுச் சில்லைக் கொண்டுவந்தது. 155 டாலர். பென்டியம் 2-வையே எடுத்து, அதன் துணை நினைவகத்தை நீக்கிவிட்டு விற்றார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், மேசைமேல் இருக்கும் கோப்புத் தட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் பதிவறைக்கு ஓடிப் போய் வா என்று எழுத்தரிடம் சொல்வது போல. வேலை மந்தமாகத்தானே நடக்கும்? பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன. ஆகஸ்டில் ஒரு சிறிய தட்டைத் திருப்பிக் கொடுத்து, 300ஏ என்று வெளியிட்டார்கள். அது விலைக்கு மீறி நன்றாக அமைந்துவிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் பென்டியத்தை விட்டுவிட்டு அதை வாங்கினார்கள். பிரியோஷ் கதைதான்.

கணக்கைப் பாருங்கள். 1997-ல் இன்டெல்லின் விற்பனை சுமார் 2,510 கோடி டாலர், நிகர லாபம் 690 கோடி. 1998-ல் விற்பனை 2,630 கோடி. லாபம் 610 கோடி. விற்பனை கூடியிருக்கிறது, லாபம் குறைந்திருக்கிறது. 1998-ன் முதல் மூன்று மாதத்தை மட்டும் பார்த்தால், லாபம் முந்தைய வருஷத்தைவிட 36 சதவீதம் விழுந்தது. அந்தக் காலாண்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கிடங்கில் தேங்கிய சரக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தன என்பதும் ஒரு காரணம். ஆனால் மலிவுக் கம்ப்யூட்டரின் கை அதில் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பின் ஏன் இன்டெல் செலரானைச் செய்தது? அந்தச் சமயத்தில் ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் அங்கே போய் ஓர் எஃகுக் கதை சொன்னார். அமெரிக்காவின் பெரிய எஃகு ஆலைகளிடம் இருந்து சிறிய ஆலைகள் முதலில் பறித்தது கட்டடக் கம்பி வியாபாரத்தை. இருப்பதிலேயே மட்டமான சரக்கு அது, லாபமும் சொற்பம். பெரிய ஆலைகள் "போகட்டும் சனியன்" என்று விட்டுவிட்டன. சிறியவர்கள் அதில் கால் ஊன்றிக்கொண்டு, படிப்படியாக மேலே ஏறி, நல்ல லாபம் தரும் சரக்கையும் பிடித்துக்கொண்டார்கள். இன்டெல்லின் தலைவர் ஆண்டி குரோவ் இந்தக் கதையை மறக்கவில்லை. லாபம் குறைந்தாலும் கீழ்ப்படியை விடக் கூடாது என்று தீர்மானித்ததற்கு அதுவும் காரணம் என்பார்கள்.

அந்தத் தீர்மானம் பலித்தது. மலிவுக் கம்ப்யூட்டர் புரட்சியைத் தொடங்கிய சைரிக்ஸை 1997-லேயே நேஷனல் செமிகண்டக்டர் வாங்கியிருந்தது. இரண்டே வருஷத்தில் கை சுட்டுக்கொண்டு, 1999-ல் அதைத் தைவான் நாட்டு வியா கம்பெனிக்குத் தள்ளிவிட்டது. ஏ.எம்.டி. 1998-லும் 1999-லும் நஷ்டக் கணக்கே காட்டியது. 1998-ல் மட்டும் பத்துக் கோடி டாலருக்கு மேல். கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு மிஞ்சியது அதுதான். லாபமெல்லாம் வாங்கிய ஜனங்களுக்கே போயிற்று. அதில் தவறொன்றும் இல்லை, நானும் அந்த ஜனங்களில் ஒருவன்தானே. ஆனால் பங்கு வாங்குகிறவர் அந்த ஜனங்களின் பக்கத்தில் இல்லை. கல்லாவின் பக்கத்தில் நிற்கிறார்.

இன்டெல் மட்டும் எப்படிப் பிழைத்தது? கீழே செலரான், நடுவில் பென்டியம், மேலே 1998 ஜூனில் வந்த ஸியான் என்று மூன்று படி வைத்தார்கள். மலிவுக் கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் எல்லாரும் இன்டர்நெட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லப் பின்னால் பெரிய சர்வர் கம்ப்யூட்டர்கள் வேண்டியிருந்தன. அவற்றுக்கு விலை கூடிய சில்லுகள். கீழே விட்ட காசை மேலே பிடித்தார்கள். 1999-ல் லாபம் 730 கோடியாயிற்று; 2000-ல் 1,050 கோடி.

"அப்படியானால் உங்கள் அண்ணன் போட்டதில் என்ன தப்பு? 2000-ல் லாபம் கூடத்தானே செய்திருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு வாத்தியாரும் இதையே கேட்டார். இங்கேதான் இரண்டாவது பாடம் இருக்கிறது.

2000 ஆகஸ்டு கடைசியில் இன்டெல்லின் ஒரு பங்கு 75 டாலர் அளவில் இருந்தது. எல்லாப் பங்குகளையும் சேர்த்து மதிப்புப் போட்டால் சுமார் 50,000 கோடி டாலர். அந்த வருஷ லாபம் 1,050 கோடி. அதாவது, அதுவரை கண்ட மிகப் பெரிய லாபத்தை ஏறக்குறைய ஐம்பது வருஷம் சேர்த்தால் வருகிற தொகையைக் கொடுத்து ஜனங்கள் அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். "எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் வரும்" என்பது நான் அண்ணனுக்குச் சொன்ன ரகசியம் என்று நினைத்திருந்தேன். அது ஊருக்கே தெரிந்திருந்தது. அந்த விலைக்குள் அது ஏற்கெனவே அடங்கியிருந்தது.

செப்டம்பர் 21-ம் தேதி மாலை இன்டெல் ஓர் அறிவிப்பு விட்டது. அந்தக் காலாண்டில் விற்பனை முன்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக, 3 முதல் 5 சதவீதம்தான் கூடும்; ஐரோப்பாவில் வியாபாரம் மந்தம். கவனியுங்கள், விற்பனை குறைகிறது என்று சொல்லவில்லை. எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை என்றார்கள், அவ்வளவுதான். மறுநாள் ஒரே நாளில் பங்கு 22 சதவீதம் விழுந்தது. சுமார் 9,000 கோடி டாலர் மதிப்பு ஒரு பகலில் கரைந்தது. அடுத்த வருஷம் நிஜமாகவே மழை விட்டுப்போயிற்று. இன்டர்நெட் கம்பெனிகள் வரிசையாக மூடின, ஏ.எம்.டி.யோடு விலைப் போர் மூண்டது, 2001-ல் இன்டெல்லின் லாபம் 130 கோடியாகச் சுருங்கியது. 2002 அக்டோபரில் பங்கு 13 டாலர் அளவுக்கு வந்தது. இருபது வருஷம் கழித்து, 2020-ல்கூட அந்த 75-ஐ எட்டவில்லை. கம்ப்யூட்டரோ இதற்கிடையில் எல்லார் வீட்டுக்கும் வந்தே விட்டது. நான் எழுதிய ஆரூடம் அட்சரம் பிசகாமல் பலித்தது. பணம்தான் வரவில்லை.

அண்ணன் வாங்கிய பங்கும் இந்தக் கூட்டத்தோடு ஏறி, இந்தக் கூட்டத்தோடு இறங்கியது. அவர் வாங்கியது 2000 ஜூலையில். விழும்போதெல்லாம் எனக்குப் போன் செய்வார். "விற்கலாமா தம்பி?" நான், "பொறுங்கள் அண்ணே, ஏறும்" என்பேன். என்ன தெரிந்து சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 2003 வசந்தத்தில் அவரே விற்றுவிட்டார். ஏறக்குறைய 12,000 யூரோ போட்டவருக்கு 2,500 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. பங்கு விழுந்தது ஒரு பக்கம், அதற்குள் டாலர் மதிப்பு இறங்கி யூரோ ஏறிவிட்டது மறுபக்கம்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. 2003 கடைசியில் பழைய கோப்புகளைப் பதிவறைக்கு அனுப்பும் வேலை நடந்தது. என் கொள்முதல் கோப்பைக் கட்டுவதற்கு முன்னால் புரட்டிப் பார்த்தேன். 1996-ல் ஒரு கம்ப்யூட்டர், 62,000 ரூபாய். 1998-ல் நான்கு, ஒவ்வொன்றும் 48,000. 2000-ல் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 34,000. 2001-ல் ஒன்றுமில்லை. ஏன்? இருப்பதே போதும் என்று மேலதிகாரி எழுதியிருந்தார். 2002-லும் அதே குறிப்பு.

அந்தப் பன்னிரண்டுக்கும் விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தது நானே. சர்க்கார் விதிப்படி இருப்பதில் குறைந்த விலையைத்தான் எடுக்க வேண்டும். அந்த வரிசையில் என் கையெழுத்தில் 'செலரான்' என்று எழுதியிருந்தது. பென்டியம் போட்ட விலைப்புள்ளிகள் மூன்று வந்திருந்தன. "நம் வேலைக்கு இது போதும்" என்று குறிப்பெழுதி, அவற்றைத் தள்ளியவனும் நானே.

உலகம் முழுக்க இருந்த ஆபீஸ்களில் என்னைப் போன்ற எழுத்தர்கள் அதே குறிப்பைத்தான் எழுதியிருப்பார்கள். பகலில் ஆபீஸில் விலை குறைந்த சில்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, சில்லு கம்பெனிக்கு லாபம் கொட்டும் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்று பன்னிரண்டானதைப் பார்த்தேன். 62 ஆயிரம் 34 ஆயிரமானதும், அதற்கப்புறம் ஒன்றுமே வாங்காததும் அந்தக் கோப்பில்தான் இருந்தன. கடிதம் எழுதும்போது கோப்பின் கடைசி ஏடு இன்னும் எழுதப்படவில்லை என்பது உண்மை. ஆனால் முதல் மூன்று ஏடுகளே போதும்.

2009 ஜனவரியில் நான் ஓய்வு பெற்றேன். அந்தக் கோடையில் அண்ணன் டிக்கெட் அனுப்பி என்னைப் பாரீஸுக்கு வரவழைத்தார். போகும்போதே இதைப் பற்றிப் பேசி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு வாரம் ஆகியும் வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை சேன்துவான் சந்தைக்கு அழைத்துப் போனார். பழைய சாமான் விற்கும் பெரிய சந்தை. பிரெஞ்சில் அதற்கு 'மர்ஷே ஒ ப்யூஸ்', தெள்ளுப்பூச்சிச் சந்தை என்று பெயர். பழைய நாற்காலி, பழைய கடிகாரம், ராணுவக் கோட்டு என்று பார்த்துக்கொண்டே போனோம். ஒரு மூலையில் தரையில் துணி விரித்து, கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர் பாகங்களை ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சில்லுகள். எதை எடுத்தாலும் 1 யூரோ.

அண்ணன் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பார்த்தாயா தம்பி, தெள்ளுப்பூச்சி கடைசியில் தெள்ளுப்பூச்சிச் சந்தைக்கே வந்துவிட்டது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, அந்தக் கடிதம் நான் எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. 1 யூரோ கொடுத்து அந்தச் சில்லை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தபின், "நீ எழுதாவிட்டாலும் போட்டிருப்பேன். ஆசை இருந்தது. உன்னிடம் கேட்டது ஆமாம் என்று சொல்லத்தான்" என்றார். அப்புறம், "மாடி கட்டியிருந்தாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணன் 2013-ல் அங்கேயே காலமானார். ஊருக்குக் குடிவரவில்லை.

வாத்தியாருக்கு அந்தக் கார்பன் நகலைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரெஞ்சு தெரியாதவர், நானே தமிழில் வாசித்துச் சொன்னேன். பங்கே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை, போன முறை வாங்குங்கள் என்று சொல்லவும் இல்லாதது போலவே. மகனிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன். சில்லு மலிவாகி எல்லார் வீட்டுக்கும் வரும்போது, ஒரு சில்லுக்கு மிஞ்சுகிற காசு கூடுகிறதா குறைகிறதா? இன்றைய பங்கு விலையில் எத்தனை வருஷத்து லாபத்தை முன்கூட்டியே கொடுக்கிறோம்? அவன் பதில் சொன்னால், அது போன வருஷக் கணக்கா, வரப்போகும் வருஷத்து நம்பிக்கையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கணக்கு வாத்தியார் அல்லவா, கேள்விகளுக்கு எண்ணும் போட்டார். பிறகு, "உங்கள் வீட்டு மாடி?" என்று கேட்டார்.

மாடி கட்டவில்லை. தூண்களில் நீட்டிவிட்ட கம்பிகள் அப்படியேதான் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன்னால் ஆள் வைத்து அவற்றுக்குச் சிமெண்டுப் பால் பூசுகிறேன். வெட்டிவிடலாமே என்று மகன் சொல்கிறான். வருகிற ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.